லேசர் யார் கையில்?

“ஆறே தடவையில் முகம் பளிச்!” “மங்கு, பருத் தழும்பு, தேவையற்ற ரோமம் – எல்லாவற்றுக்கும் ஒரே வழி லேசர்!” “கையில் பணம் இல்லையா? மாதத் தவணையில் கட்டலாம்!”

இந்த மாதிரி விளம்பரங்களைப் பார்க்காதவர் இன்று யாரும் இல்லை. பஸ் நிலையச் சுவரில் இருக்கின்றன. ஷிப்ட் முடிந்து மில் வாசலுக்கு வந்தால் துண்டுப் பிரசுரமாகக் கைக்கு வருகின்றன. நடவு முடிந்து வரப்பில் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தால் அங்கேயும் வந்து நிற்கின்றன.

“இதெல்லாம் பணக்காரர் வீட்டுச் சமாசாரம், நம் பத்திரிகையில் இதற்கு என்ன இடம்?” என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் நிலைமையை அறியாதவர்கள் என்றே சொல்வோம். பணக்கார வீட்டுப் பெண் பெரிய நகரத்துப் பெரிய டாக்டரிடம் போகிறாள். பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில், பளபளவென்று கண்ணாடி போட்ட இடத்துக்கு யார் போகிறார்கள்? நூல் மில்லில் வேலை செய்யும் பெண் போகிறாள். கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்டது, முகத்தில் பருக்குழி இருக்கிறதே என்று வீட்டில் கவலை. பனியன் கம்பெனி இளைஞன் போகிறான். விளையாட்டாகக் கையில் பச்சை குத்திக்கொண்டான், ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது அது குறுக்கே நிற்கிறது. வெயிலில் களை எடுத்து எடுத்துக் கன்னத்தில் மங்கு படர்ந்த தாய் போகிறாள். மாதக்கணக்கில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு அங்கே போகிறது. போன காசை மறுபடி சம்பாதிக்கலாம். வெந்து போன முகத்தை எங்கே போய்ச் சம்பாதிப்பது?

ஆகவே இது நம்முடைய பிரச்னைதான்.

கறுத்த தோலும் லேசர் ஒளியும்

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். லேசரை நாம் எதிர்க்கவில்லை. 1960 மே மாதத்தில் தியோடர் மைமன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, செயற்கை மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். சில ஆண்டுகளுக்குள்ளேயே லியோன் கோல்ட்மன் என்ற தோல் டாக்டர் அந்த ஒளி தோலை என்ன செய்கிறது என்று ஆராயத் தொடங்கினார். சுற்றியுள்ள தோலைச் சுடாமல், குறி வைத்ததை மட்டும் ஒளியால் சூடாக்கி அழிக்க முடியும் என்ற தத்துவத்தை ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு டாக்டர்கள் 1983ல் விளக்கினார்கள். பிறவியிலேயே முகத்தில் படர்ந்த சிவப்புத் திட்டை மங்கச் செய்யவும், குத்திய பச்சையை அழிக்கவும் இன்று முடிகிறது. இது மனித அறிவின் வெற்றி. உழைக்கும் மக்களுக்கும் இதில் பங்கு உண்டு.

அந்தத் தத்துவம் நமக்குப் புதிதல்ல. மத்தியான வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு அது தெரியும். சுண்ணாம்பு அடித்த தளம் காலைப் பொறுக்க விடும். கறுத்த தார் கொப்புளிக்க வைத்துவிடும். கறுப்பு, ஒளியை வாங்கி வெப்பமாக்குகிறது. ரோமத்தின் வேரருகே உள்ள கறுப்பு நிறமியும் லேசர் ஒளியை அப்படித்தான் வாங்குகிறது. சூடேறி வேர் கருகுகிறது. அந்த நிறமிக்குப் பெயர் மெலனின்.

ஆனால் அதே மெலனின் நம் தோலின் மேல்பரப்பிலும் இருக்கிறதே! வெளுத்த ஐரோப்பியத் தோலில் அது குறைவு. நம் தோலில் அதிகம். வெயிலில் உழைப்பவர் தோலில் இன்னும் அதிகம். ஒளி வேருக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே மேல்தோல் அதை வாங்கிக்கொள்கிறது. தோல் வேகிறது. கொப்புளம் கிளம்புகிறது. கொப்புளம் ஆறினால் கருந்திட்டு, சிலருக்கு வெண்திட்டு, சிலருக்கு ஆயுள் முழுவதும் மாறாத தழும்பு. முகத்தை வெளுக்க வைக்கப் போனவர் முகத்தைக் கருக்கிக்கொண்டு திரும்புகிறார்.

இதைத் தவிர்க்க முடியாதா? முடியும். மைமன் கண்ட மாணிக்க லேசரின் அலைநீளம் சுமார் 694 நானோமீட்டர். மெலனின் அதை ஆவலோடு விழுங்கும். கறுத்த தோலுக்கு அது ஆகாது. 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள ‘என்டி யாக்’ லேசரை மெலனின் குறைவாகவே வாங்கும். ஒளி ஆழமாகவும் போகும். ரோமத்தை நீக்கக் கறுத்த தோலுக்கு மற்ற லேசர்களைவிட அது பாதுகாப்பானது. எந்த லேசர், எவ்வளவு சக்தி, எவ்வளவு நேரம், தோலை எப்படிக் குளிர வைப்பது – இவையெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும் கணக்கு. ரோமத்துக்குப் பாய்ச்சும் ஒளி ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்கு நேரமே நீடிக்கும். பச்சையை அழிக்கப் பல காலமாகப் பயன்படும் லேசரின் ஒளியோ, விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்கு. இந்தக் கணக்கு தவறினால் வேகிற தோல் யாருடையது? கருவிக்குச் சொந்தக்காரனுடையதா?

“கருவியே எல்லாம் செய்துவிடும்” என்ற புளுகு

கடைக்காரர்கள் ஒரு வாதம் சொல்கிறார்கள்: “இது கம்ப்யூட்டர் கருவி. பொத்தானை அழுத்தினால் போதும். இதற்கு டாக்டர் எதற்கு?”

நாம் கேட்கிறோம்: எந்தத் தோலில் அழுத்தக்கூடாது என்று அந்தக் கருவி சொல்லுமா?

கன்னத்தில் அல்லது பாதத்தில் ஒரு கறுப்பு மச்சம் பெரிதாகிக்கொண்டே வருகிறது. அது சாதாரண மச்சமாகவும் இருக்கலாம். தோல் புற்றுநோயாகவும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் டாக்டர் சதையில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். கடைக்காரர் லேசரால் சுட்டுவிடுவார். மேலே கறுப்பு மறைந்துவிடும். உள்ளே நோய் வளர்ந்துகொண்டிருக்கும். கண்டுபிடிப்பதற்கான சாட்சியமும் எரிந்து போயிருக்கும்.

உடம்பில் ஒரு வெளுத்த தேமல். தொட்டால் உணர்ச்சி இல்லை. அது தொழுநோயின் அடையாளமாக இருக்கலாம். சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கிறார்கள். 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகிவிடும். காலம் கடந்தால் கைகால் ஊனமாகும். தேமலுக்கு ‘பாலிஷ்’ போட்டு மாதங்களை வீணடிப்பவருக்கு இது தெரியுமா?

பெண்ணின் மோவாயில் ரோமம் வளர்கிறது. உடம்புக்குள் சுரப்பு நீர்க் கோளாறு இருக்கலாம். மாதவிலக்குச் சரியாக வருகிறதா என்று டாக்டர் கேட்பார். கோளாறைக் கவனிக்காமல் ரோமத்தை மட்டும் எரித்துக்கொண்டிருந்தால் ரோமம் முளைத்துக்கொண்டே இருக்கும்; கடைக்காரருக்குப் பணமும் வந்துகொண்டே இருக்கும்.

மங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலும், கர்ப்ப காலச் சுரப்பு நீர் மாற்றமும் அதற்கு முக்கியமான காரணங்கள். அதற்கு முதல் வைத்தியம் வெயிலிலிருந்து முகத்தைக் காப்பதும், டாக்டர் எழுதிக் கொடுக்கும் களிம்பும்தான். லேசர் முதல் வழியே அல்ல. கண்மூடித்தனமாக லேசர் வைத்தால் மங்கு முன்னைவிடக் கறுத்துப் போவதும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விஷயம். லேசர் வைத்த தோலை வாரக்கணக்கில் வெயிலிலிருந்து காக்க வேண்டும். கூலிக்கு நாற்று நடுகிற பெண்ணால் அது முடியுமா? நல்ல டாக்டர் கருவியைத் தொடுவதற்கு முன், “ஏம்மா, என்ன வேலை பார்க்கிறே? வெயிலிலா, நிழலிலா? வேற மருந்து ஏதாவது சாப்பிடறியா? காயம் பட்டா தழும்பு தடிச்சுப் போகுமா?” என்று கேட்பார். வேண்டுமானால், “அறுவடை முடியட்டும், பிறகு பார்ப்போம்” என்று திருப்பி அனுப்புவார். கடைக்காரர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “அக்கா, முழுப் பணம் கட்டறீங்களா, தவணையா?”

உயிருக்கே ஆபத்து வந்ததும் உண்டு. லேசருக்கு முன் தோலை மரத்துப் போகச் செய்யும் களிம்பைக் கால் முழுவதும் பூசிச் சுற்றிக் கட்டிக்கொண்ட இரண்டு இளம் பெண்கள் அமெரிக்காவில் இறந்து போனார்கள். மருந்து தோல் வழியாக அளவு மீறி ரத்தத்தில் ஏறிவிட்டது. 2007ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இது குறித்துப் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது. 2016ல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் பின் ஓர் இளம் மருத்துவ மாணவர் உயிரிழந்தார். அழகுக்காகச் செய்வது என்பதால் ஆபத்து விலகி நிற்காது.

‘டாக்டர்’ என்ற போர்டு

போர்டில் ‘டாக்டர்’ என்று எழுதியிருந்தால் போதுமா? போதாது. போர்டு எழுதுகிறவர் காசு கொடுத்தால் எதையும் எழுதுவார்.

தோல் டாக்டர் ஆவதற்கு ஒருவர் என்ன படிக்க வேண்டும்? எம்.பி.பி.எஸ். படிப்பும் பயிற்சியும் சேர்ந்து ஐந்தரை ஆண்டு. அதற்கு மேல் தோல் நோய்க்கென்று எம்.டி. மூன்று ஆண்டு, டி.என்.பி. என்ற பட்டமும் உண்டு. இரண்டு ஆண்டு டிப்ளமா படித்தவர்களும் இருக்கிறார்கள். அந்த எம்.டி. பட்டத்தின் முழுப் பெயரே தோல், பால்வினை நோய், தொழுநோய் என்ற மூன்றையும் சேர்த்தது. எட்டு ஆண்டுக்கு மேல் படித்தவர் எங்கே, சில வாரம் பயிற்சி பெற்றுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்ட ‘அழகுக்கலை நிபுணர்’ எங்கே? ‘எம்.டி.’ என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் பொடி எழுத்தில் ‘மாற்று மருத்துவம்’ என்று போட்டுக்கொள்வோரும் இருக்கிறார்கள். அது தோல் டாக்டர் பட்டம் அல்ல.

இன்னொரு பித்தலாட்டமும் உண்டு. போர்டில் இருக்கும் டாக்டர் உண்மையானவர்; பட்டமும் உண்மையானது. ஆனால் அவர் அங்கே இருக்கவே மாட்டார்! அவர் பெயர் மட்டும் குடியிருக்கும். கருவியைப் பிடிப்பவர் வேறு ஒருவர். கூலிக்குப் பெயரை வாடகைக்கு விடும் இந்தப் படித்தவர்களும் குற்றத்தில் பங்காளிகளே.

சட்டம் என்ன சொல்கிறது? 2019ம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34வது பிரிவின்படி, பதிவு பெறாதவர் மருத்துவம் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அழகு சிகிச்சைகள் பற்றி அதே ஆணையம் 2022ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பயிற்சி வகுப்பில் வேடிக்கை பார்த்ததும் யூடியூப் படம் பார்த்ததும் பயிற்சி ஆகாது என்று தெளிவாகச் சொல்கின்றன. யூடியூப் பார்த்துத் தொழில் செய்கிறவர்கள் இருப்பதால்தானே ஆணையமே இதை எழுத வேண்டி வந்தது!

“ஏழைக்கு மலிவு” என்ற வாதம்

“பெரிய டாக்டர் நிறையக் கேட்பார், நாங்கள் ஏழைகளுக்கு மலிவாகச் செய்கிறோம்” என்கிறார்கள். ஏழைகள் மீது என்ன கருணை!

கணக்குப் பார்ப்போம். முதல் தடவைக்கு விலை குறைவு என்பார்கள். உள்ளே போனதும் ஆறு தடவைக்கு மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள். கையில் பணம் இல்லை என்றால் அங்கேயே தவணைக் கடன். இரண்டாவது தடவையிலேயே தோல் கருகினாலும் தவணை நிற்காது. ரசீது கேட்டால் துண்டுச் சீட்டு. கருகிய தோலைச் சரிசெய்ய கடைசியில் அந்தத் ‘தூரத்துப் பெரிய டாக்டரிடமே’ போய் இரட்டிப்புச் செலவு. இதுதானா மலிவு?

அந்த அறையில் கருவியைப் பிடித்து நிற்கும் பெண்ணையும் பாருங்கள். அவளும் நம்மைப் போல் சம்பளத்துக்கு வந்தவள். நான்கு நாள் சொல்லிக் கொடுத்து நிற்க வைத்திருக்கிறார்கள். லேசர் ஒளி கண்ணில் பட்டால் பார்வை போகலாம். வாடிக்கையாளருக்கும் அவளுக்கும் அந்த லேசருக்கு ஏற்ற கண்ணாடி வேண்டும். அதைக்கூட வாங்கிக் கொடுக்காத முதலாளிகள் இருக்கிறார்கள். விபத்து நடந்தால் அவள் தலையில் பழி. லாபம் முதலாளி பெட்டியில். நம் கோபம் அவள் மீது பாயக்கூடாது.

கறுப்பு நோயா?

இந்த வியாபாரம் முழுவதும் ஒரு பொய்யின் மேல் கட்டப்பட்டிருக்கிறது: கறுப்பு ஒரு குறை என்ற பொய். 1975ல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பு 2020ல் ‘குளோ அண்ட் லவ்லி’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. பெயர்தான் மாறியது. இப்போது அதே ஆசையைக் களிம்பிலிருந்து லேசருக்கு ஏற்றி விற்கிறார்கள்.

பிறவி நிறத்தை நிரந்தரமாக மாற்றும் லேசர் எதுவும் இல்லை. மெலனின் என்பது வெயிலின் கொடுமையிலிருந்து தோலைக் காக்க இயற்கை கொடுத்த குடை. வெயிலில் உழைப்பவன் குடையைப் பிடுங்கிக்கொண்டு அதற்குக் காசும் கேட்பவனை என்னவென்று சொல்வது? பருக்குழிக்கும் பிறவித் திட்டுக்கும் வைத்தியம் தேடுவது நியாயம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறந்த நிறத்துக்கு வைத்தியம் தேடச் சொல்பவன் மோசடிக்காரன். பெண் பார்க்க வந்து நிறத்தைக் குறை சொல்பவர்களும் அந்த மோசடிக்குத் துணை போகிறவர்களே.

போகுமுன் கேளுங்கள்

லேசர் சிகிச்சை வேண்டும் என்று நினைப்பவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்:

1. டாக்டரின் பதிவு நம்பரைக் கேளுங்கள். மருத்துவ மனையிலும், மருந்துச் சீட்டிலும், ரசீதிலும் அது இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று படித்த பிள்ளைகளை விட்டுக் கைப்பேசியில் பார்க்கச் சொல்லுங்கள்.

2. தோல் நோய்க்கான மேற்படிப்பு உண்டா என்று கேளுங்கள். இருந்தாலும் போதாது, லேசரில் பயிற்சி உண்டா, நம்மைப் போன்ற கறுத்த தோலில் செய்த அனுபவம் உண்டா என்றும் கேளுங்கள். உண்மையான டாக்டர் கோபப்பட மாட்டார்.

3. கருவியைப் பிடிக்கப் போவது யார்? டாக்டர் அங்கேயே இருப்பாரா? “டாக்டர் சாயங்காலம் வருவார், நீங்க படுங்க” என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

4. முகம் முழுவதும் செய்யுமுன், மறைவான சிறு இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில நாள் பொறுத்து, தோல் கருகவில்லை என்று தெரிந்த பிறகே மேலே போக வேண்டும்.

5. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி தராவிட்டால் லேசர் வேண்டாம்.

6. “நூற்றுக்கு நூறு உத்தரவாதம்” என்பவரை நம்பாதீர்கள். லேசர் ரோமத்தைக் குறைக்கும். ஒன்றுகூட முளைக்காது என்று யாரும் சொல்ல முடியாது. பச்சையை அழிக்க ஒவ்வொரு தடவைக்கும் இடையே பல வாரம் இடைவெளி விட்டுப் பல தடவை வேண்டும். சில வண்ண மை முழுதும் போகாது. ஆள் எடுக்கும் தேதிக்குப் பத்து நாள் முன்பு ஓடிப் பயனில்லை.

7. மொத்தச் செலவை முதலிலேயே கேளுங்கள். ஆறு தடவைப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். சம்மதக் கையெழுத்துக் கேட்டால், அதில் உள்ளதைத் தமிழில் விளக்கச் சொல்லிப் பிறகு போடுங்கள். ரசீதையும் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

கெடுதல் நடந்துவிட்டால் தலைவிதி என்று மூலையில் உட்காராதீர்கள். உடனே சர்க்கார் ஆஸ்பத்திரித் தோல் பிரிவுக்குப் போங்கள். காயத்தைப் படம் எடுத்து வையுங்கள். போலி ஆசாமியானால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடமும் போலீசிலும் புகார் கொடுங்கள். பதிவு பெற்ற டாக்டர் தவறு செய்தால் மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதுங்கள். காசு வாங்கிச் செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று சுப்ரீம் கோர்ட் 1995லேயே தீர்ப்பளித்திருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்ச ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை.

சர்க்கார் என்ன செய்கிறது?

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு நியாயமான கேள்வி மிஞ்சுகிறது. “நல்ல டாக்டரைத் தேடு என்கிறீர்கள், அவருக்குக் கொடுக்கப் பணம் எங்கே?” பணமில்லாதவர் மோசடிக்காரரிடம் போவது அறியாமையால் மட்டுமல்ல, வேறு வழி இல்லாததாலும்தான்.

வழி செய்ய வேண்டியது சர்க்காரின் கடமை. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புதிய சர்க்கார் மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. திருப்பூர், திண்டுக்கல், விருதுநகர், நாகப்பட்டினம் ஆகியவை அவற்றில் அடக்கம். பனியன் தொழிலாளியும் மில் தொழிலாளியும் விவசாயக் கூலியும் வாழும் ஊர்கள் இவை. அங்கே தோல் பிரிவு இருப்பது மட்டும் போதாது. நம் தோலுக்கு ஏற்ற லேசர் கருவியும், அதை இயக்கப் பயிற்சி பெற்ற டாக்டரும் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் இருக்க வேண்டும். தழும்புக்கும் பிறவித் திட்டுக்கும் இலவசமாகச் சிகிச்சை கிடைக்க வேண்டும்.

தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவு செய்ய 1997லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அதற்கு விதிகள் வகுக்க 2018 வரை ஆயிற்று! இனியும் தூங்க வேண்டாம். டாக்டர் இல்லாமல் லேசர் வைக்கும் ஒவ்வொரு கடையையும் சோதனை போட வேண்டும். பதிவு இல்லாதவற்றை மூட வேண்டும். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைக்க வேண்டும். பெயரை வாடகைக்கு விட்ட டாக்டர் மீது கவுன்சில் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

நாமும் கைகட்டி இருக்க முடியாது. மேலே சொன்ன ஏழு விஷயங்களையும் மில் வாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். மாதர் சங்கக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். உங்கள் ஊரில் எந்தக் கடையில் யார் தோல் வெந்தது என்று விசாரியுங்கள். வெட்கத்தால் வாய் மூடி இருப்பவர்களுக்குத் துணையாகப் போய்ப் புகார் எழுதிக் கொடுங்கள். ஒருவர் தனியாகப் போனால் மிரட்டி அனுப்புவார்கள். பத்துப் பேர் சேர்ந்து போனால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.